பனைக்குக் கீழே பேச்சில்லை

ஒரு காட்டில், ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஓடிய ஐப்பசி மாதம் அது. எங்கே பார்த்தாலும் வெள்ளம். நடுவில் ஒரு மண்மேடு மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மேட்டில் ஒரு தாய் முயலும் அதன் ஆறு குட்டிகளும் மாட்டிக்கொண்டன. தண்ணீரோ சாண் சாணாக ஏறிக்கொண்டிருந்தது.

அவற்றை அக்கரை சேர்க்க ஒரு கூழைக்கடா முன்வந்தது. அலகுக்கு அடியில் தொங்கும் பையில் ஒரு நடைக்கு இரண்டு குட்டிகளைச் சுமந்து பறக்கும். அதில் ஒரு சிக்கல். பை நிரம்பிவிட்டால், கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் அதன் கழுத்தில் ஓர் அணில் உட்கார்ந்து வரும். இறங்கும்போது உயரம் சொல்வதுதான் அணிலின் வேலை.

அணில் "பனை!" என்று கத்தினால், பனைமர உயரத்தில் இருக்கிறார்கள். "புளி!" என்றால் புளியமர உயரம். "புதர்!" என்றதும் கூழைக்கடா இறக்கையை அகல விரித்து, வேகத்தைக் குறைத்து, காலை நீட்டி இறங்கும். அக்கரையில் இறங்க இருந்ததோ இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு துண்டுப் புல்தரை. கொஞ்சம் பிசகினாலும் பாறைதான். ஆகவே இருவரும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பனை சொன்ன பிறகு, கால் தரையைத் தொடும்வரை, உயரத்தைத் தவிர வேறு பேச்சே கூடாது.

அணில் கெட்டிக்கார அணில். அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், தலைகால் தெரியாது.

இரண்டு நடை பிசகில்லாமல் முடிந்தது. நான்கு குட்டிகள் கரை சேர்ந்தன.

"இதுக ரெண்டையும் கொண்டுபோயிடுங்க அண்ணே. நான் கடைசியா வர்றேன்" என்றது தாய் முயல். அதன் கால்கள் அப்போதே தண்ணீரில் நின்றன.

"பயப்படாத தாயி. இந்தா போனோம், இந்தா வந்தோம்" என்று சொல்லிக் கூழைக்கடா எழும்பியது.

அப்போது வேலைவெட்டி இல்லாத ஒரு மைனா வேடிக்கை பார்க்கக் கூடவே பறந்து வந்தது. கரை நெருங்கியது.

"பனை!" என்றது அணில்.

"அணிலாரே, நேத்து உங்க ரெண்டு பேரையும் பருந்து துரத்துச்சாமே! நீங்கதான் கூழைக்கடாவைக் காப்பாத்தினீங்கன்னு காடே பேசுது. நெசமா?" என்று கேட்டது மைனா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அணிலுக்கு அது தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் வால் தானாகத் தூக்கிக்கொண்டது.

"பின்னே? நான் பார்க்கலைன்னா அண்ணன் நேத்தே பருந்துக்கு இரையாயிருப்பாரு."

கூழைக்கடாவுக்குச் சுருக்கென்றது. "என்னது? பருந்தை முதல்ல பார்த்தது நான்டா!"

"நீங்களா? உங்க மூக்குக்குக் கீழ இருக்கிறதே உங்களுக்குத் தெரியாதே அண்ணே!"

"நான் இடப்பக்கம் திரும்பின பிறகுதான்டா நீ கத்துன."

"நான் கத்தின பிறகுதான் நீங்க திரும்பினீங்க!"

மைனா கெக்கலி கொட்டிச் சிரித்தது. அந்த நேரத்தில் புளியமரத்தின் உச்சி அவர்களுக்குப் பக்கத்தில் வந்து, மேலே போனது. அணில் அதைப் பார்க்கவும் செய்தது. 'இந்த ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு புளி சொல்லிக்கொள்ளலாம்' என்று நினைத்தது. புளி இன்னும் காதில் விழவில்லையே என்று கூழைக்கடாவுக்கும் தோன்றவில்லை. அதுவும் அடுத்த பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பைக்குள் இரண்டு குட்டிகளும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நடுங்கின.

"அப்போ யாரு முதல்ல பார்த்ததுன்னு பருந்தையே கேட்போமா?" என்றது கூழைக்கடா.

அணில் வாயைத் திறந்தது. காதோரம் ஈச்சம் ஓலை ஒன்று கீறிக்கொண்டு போனது.

"புதர்! புதர் அண்ணே! விரிங்க! விரிங்க!"

கூழைக்கடா பதறி இறக்கையை விரித்தது. அதற்குள் வலது இறக்கை பாறையில் மோதியது. எலும்பு முறிந்த சத்தம் அணிலுக்குக் கேட்டது.

குட்டிகள் பையிலிருந்து தெறித்துச் சேற்றில் உருண்டன. நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. முட்புதரில் போய் விழுந்த அணில் தன்னைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தது. மைனா எப்போதோ பறந்து போய்விட்டது.

"எந்திரிங்க அண்ணே. இன்னும் ஒரே ஒரு நடை. அவங்க ஒருத்தர்தான் பாக்கி" என்று கெஞ்சியது அணில்.

கூழைக்கடா எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது. வலது இறக்கை தரையில் இழுபட்டது.

"முடியலடா. நீ சொல்லுவேன்னு நம்பி இருந்தேனே!"

"சொல்லலைன்னா நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்துட்டேன் அண்ணே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தூரத்தில், மேட்டின் மேல், தாய் முயல் பின்னங்கால்களில் எழும்பி நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டுவிட்டது. அணில் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தது. வெள்ளத்தின் இரைச்சலில் அந்தக் குரல் எங்கே கேட்கும்?

ஆறு குட்டிகளும் அணிலைச் சுற்றி வந்து நின்றன.

"அடுத்த நடையில அம்மாதானே வருவாங்க?" என்று கேட்டது கடைக்குட்டி.

அணில் வாயைத் திறந்தது. பிறகு குட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கத் தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் மேடு தண்ணீருக்குள் போய்விட்டது.

நீதி: பிறர் உயிர் நம் கையில் இருக்கும்போது, வீண்பேச்சுக்கு ஒரு நொடியும் இடம் கொடுக்கலாகாது.