முபீனாவுக்குக் கொடுத்த கார்டு

எங்கள் சந்தில் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் ஒரே ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். எழிலரசி. முப்பத்தாறு வயது. மவுண்ட் ரோட்டை ஒட்டிய கம்ப்யூட்டர் சந்தில், மாடிப்படிக்குக் கீழே எட்டுக்குப் பத்தில் ஒரு கடை. செத்துப்போன மதர்போர்டுக்கு உயிர் கொடுப்பார். முடியாவிட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனாலேயே அவர் கடையில் கூட்டம்.

அவரிடம் தொழில் கற்க வந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்து மூன்று. நாகர்கோவில் பக்கம். ஒரு கூரியர் கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர். கிளையை மூடிவிட்டார்கள். அவர் இவரை மாஸ்டர் என்பார், இவர் அவரை அண்ணா என்பார். சந்து ஒரு வாரம் சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

நான் எதிர்க்கடை. கேபிள், அடாப்டர் விற்கிறவன். வியாபாரம் டல்லடிக்கும் நேரமெல்லாம் என் காது அந்தக் கடையில்தான் இருக்கும். பொழுது போக வேண்டுமே.

ஒரு திங்கட்கிழமை முபீனா வந்தாள். ஓட்டேரிப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும். ஒரு வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று இன்ஜினியர்கள் கம்ப்யூட்டர் படம் காட்டுவார்களே, அந்தப் படத்தை வீட்டிலிருந்தே போட்டுக் கொடுப்பாள். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் அதில்தான் சாப்பிட்டார்கள். சிபியூவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அவள் கம்ப்யூட்டரில் ஒரு படம் முழுசாக வெளிவர ஐந்து மணி நேரம் ஆகிறது. ஒரு பெரிய இன்ஜினியர் இருபத்து நான்கு வீட்டு லேஅவுட் முழுவதையும் அவளுக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். காலையில் திருத்தம் சொன்னால் மாலைக்குள் படம் வந்தாக வேண்டும். அது முடிந்தால் வேலை அவளுக்கு, முடியாவிட்டால் வேறு ஆளுக்கு. கையில் இருபத்திரண்டாயிரம் இருந்தது. அதற்கு மேல் புரட்ட வழியில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

படம் சீக்கிரம் வெளிவர பன்னிரண்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றாள். யூடியூபில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்களாம்.

மாஸ்டர் கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் செய்த படம் ஒன்றை பென் டிரைவில் வாங்கித் திறந்து பார்த்தார். பிறகு சிபியூவைத் திறந்து, உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். மட்டச் சரக்கு, காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. முதலில் இதை மாற்ற வேண்டும் என்றார். மீதிப் பணத்துக்கு எட்டு ஜிபி கார்டு, புதுசு, மூன்று வருட வாரண்டியோடு. ஐந்து மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடியும், லேஅவுட்டுக்கு அது தாராளம் என்றார்.

முபீனாவின் முகம் விழுந்துவிட்டது. எட்டு போதுமா அக்கா என்று மூன்று தடவை கேட்டாள். மாஸ்டர் மூன்று தடவையும் போதும் என்றார். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனாள்.

அவள் போனதும் தேவசகாயம் கேட்டார்.

“மாஸ்டர், கையில காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு எந்தக் கார்டு குடுக்கணும்? அந்தக் காசுக்குள்ள எது பெருசோ, அதைத்தானே?”

மாஸ்டர் சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணால இன்னொரு தடவை வாங்க முடியுமா அண்ணா?”

“முடியாது.”

“அப்ப இந்தத் தடவை எதைக் குடுக்கணும்?”

தேவசகாயம் தலையை ஆட்டினார். புரிந்தவர் ஆட்டுகிற மாதிரியேதான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கார்டு செத்துப்போனால், நடுவிலுள்ள சிப்பின் மேல் புளோயரால் சூடான காற்றை அடிப்போம். சில சமயம் எழுந்துகொள்ளும். அடியில் விட்டுப்போன ஈயம் மறுபடி ஒட்டிக்கொள்ளும், புதுசு மாதிரியே ஓடும். பத்து நாளும் ஓடலாம், பத்து மாதமும் ஓடலாம். எவனுக்கும் தெரியாது. இப்படிச் சூடு காட்டிய கார்டைக் கூசாமல் விற்கிறவர்கள் சந்தில் உண்டு. மாஸ்டர் விற்க மாட்டார். கொண்டுவந்தவருக்கே விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அவர் வேண்டாம் என்றால் மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது, அதில் கிடக்கும்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பன்னிரண்டு ஜிபி கார்டை எடுத்து தேவசகாயம் தானே சூடு காட்டி எழுப்பியிருந்தார். அவர் கையால் எழுந்த முதல் கார்டு. மூன்று ஃபேன், ஓரத்தில் கலர் லைட். மத்தியானம் சாப்பிடும்போதுகூட அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

வியாழக்கிழமை மாஸ்டர் மாமியாரை ஆஸ்பத்திரியில் காட்ட வேலூர் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து முபீனா வந்தாள். எட்டு ஜிபியே கொடுங்கள் என்றாள், ஆனால் மனசில்லாமல்.

தேவசகாயம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாவம் பார்த்தார் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதோடு அந்தப் பெருமையும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு ஜிபியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒருத்தர் திருப்பிக் கொடுத்தது, நல்ல கண்டிஷன், பதினைந்தாயிரம் போதும் என்றார். புது எஸ்.எம்.பி.எஸ்ஸும் போட்டுக் கொடுத்தார். பில் போக மீதி மூவாயிரத்துச் சொச்சத்தைக் கையில் வாங்கியபோது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் டீயும் பட்டர் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அது எந்தக் கார்டு என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் கடை விஷயத்தில் நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று டீயைக் குடித்துவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன். அந்த டீ இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

மாஸ்டர் திரும்பி வந்ததும், முபீனா வந்தாள், பழைய கார்டு ஒன்று கொடுத்தேன் என்று மட்டும் தேவசகாயம் சொன்னார். கடையில் விற்கிற மாதிரி நல்ல பழைய கார்டும் நாலைந்து இருந்தன. எது என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் ஒருநாள் என்னிடம் வருத்தப்பட்டார்.

முதல் ஒரு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. முபீனாவுக்கு லேஅவுட் வேலை கிடைத்துவிட்டது. முடித்த படங்களை தேவசகாயத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வாசலில் காகிதப்பூக் கொடி படர்ந்த வீடு, மாடியில் ஊஞ்சல் போட்ட வீடு. அவர் போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகக் காட்டுவார். நம்ம கார்டுல பண்ணினது பாருங்க என்பார். எனக்கே, சரி, நல்லபடியாக முடிந்துவிட்டது போல என்று தோன்றியது.

நாற்பத்தோராவது நாள் கார்டை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு முபீனா வந்தாள். மாஸ்டர் பேங்குக்குப் போயிருந்தார். அவள் சண்டைக்கு வரவில்லை.

“அண்ணா, நான்தான் கெடுத்துட்டேன். நேத்து மூணு மணி நேரம் விடாம ஓட்டிட்டேன். ஸ்கிரீன் எல்லாம் கோடு கோடா வந்து ஆஃப் ஆயிடுச்சு. நீங்க அவ்ளோ பாத்துக் குடுத்தீங்க.”

சண்டைக்கு வந்திருந்தால் தேவசகாயம் உண்மையைச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டு வந்து நிற்கிறவளிடம் அவருக்கு வாய் வரவில்லை. கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விடாம ஓட்டினா அப்படித்தான்மா ஆகும்,” என்றார்.

அவள் தலையாட்டினாள். லேஅவுட்டில் ஒன்பது வீடுதான் முடிந்திருந்ததாம். நேற்று மாலைக்குள் படம் போகாததால் மீதியை இன்ஜினியர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அதையும் தன் தப்பு மாதிரியே சொன்னாள். அக்காவிடம் சொல்லாதீர்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, கார்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மாஸ்டர் வந்தார். மேஜைமேல் கிடந்த கார்டைப் பார்த்தார். சூடு காட்டியதில் சிப்பைச் சுற்றி போர்டு பழுப்பேறி இருந்தது, அவருக்கு அது போதும். என்ன என்று கேட்டார். தேவசகாயம் ஒன்று விடாமல் சொன்னார். விடாமல் ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்று முபீனாவிடம் சொன்ன அந்த ஒரு வரியையும் மறைக்கவில்லை. 

மாஸ்டர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அலமாரியிலிருந்து அந்தப் புது எட்டு ஜிபி கார்டை, பெட்டி பிரிக்காமல், எடுத்து நீட்டினார்.

“போய் மாட்டிட்டு வாங்க அண்ணா.”

“பணம் மாஸ்டர்?”

“நம்ம கடைக் கார்டுதானே போச்சு.”

அங்கே போய் என்ன சொல்வது என்று தேவசகாயம் கேட்கவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை.

அன்றே போயிருக்கலாம். தேவசகாயம் மறுநாள் மழை என்றார், அதற்கடுத்த நாள் ஒரு பிரிண்டர் வேலை என்றார். கார்டுப் பெட்டி அவர் பையிலேயே நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார். கையில் வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலம். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டதாகவும், கார்டு அருமையாக ஓடுவதாகவும் சொன்னார். முபீனாவின் அம்மா ரோஸ்மில்க் கொடுத்தார்களாம். எங்கள் தப்புக்கு இந்தக் காலத்தில் யார் புதுக் கார்டு கொடுப்பார்கள், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தாயும் மகளும் அழுதுவிட்டார்களாம். இதையெல்லாம் சொல்லும்போது தேவசகாயத்துக்கும் கண் பளபளத்தது. பெரிய பாரம் ஒன்று இறங்கிவிட்டது என்றார். பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாஸ்டர் பஜ்ஜியைத் தொடவில்லை.

“அவங்களுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“சின்னச் சின்ன வேலைதான் மாஸ்டர். பெருசா ஒண்ணு வந்துச்சாம், இவங்களே வேணாம்னுட்டாங்களாம். நமக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னாங்க. ஆனா இப்ப ரொம்ப ஜாக்கிரதை. கார்டு மாட்டினதுமே சிபியூ மேல ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்காங்க, அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு. அவங்க அம்மா கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

“அரை மணி நேரத்துல ஒரு படம் முடிஞ்சிடுமா அண்ணா?” என்று மாஸ்டர் கேட்டார்.

“முடியாது. பாதியில நிறுத்தி, ஆற வெச்சு, மறுபடி...”

தேவசகாயம் கையில் இருந்த பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்தார்.

“அந்தச் சீட்டைக் கிழிச்சீங்களா?”

“அது அவங்க எழுதி ஒட்டினது மாஸ்டர். நான் எப்படி...”

 தேவசகாயம் விரல் எண்ணெயை வேட்டியில் துடைத்தார். மறுபடி மறுபடி துடைத்தார்.

“புதுக் கார்டு போட்டுட்டேனே மாஸ்டர்,” என்றார்.

“இல்லண்ணா. அங்க இன்னும் அந்தப் பழைய கார்டுதான் ஓடுது.”