தண்ணீர் குடிக்காத விரால்

ஒரு காட்டின் நடுவே ஓடிய ஆற்றில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அந்த மடுவை ஒரு விரால் மீன் ஆண்டுவந்தது. ஆண்டுவந்தது என்றால், காலையில் ஒரு கெண்டைக் குஞ்சையும் மாலையில் ஒரு கெண்டைக் குஞ்சையும் தின்றுவந்தது என்று பொருள்.

தின்ற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அது பெருமை பேசும்.

"எங்கள் குலத்தில் பிறந்த எவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை, தெரியுமா?"

குழந்தைகளே, ஆற்றில் வாழும் எந்த மீனும் தண்ணீர் குடிப்பதில்லை. மீனின் உடம்பில் உப்பு உண்டு. ஆற்றுநீரில் அவ்வளவு உப்பு கிடையாது. அதனால் தண்ணீர் செவுள் வழியே தானாக உள்ளே வந்துவிடும். வந்த தண்ணீரைச் சிறுநீராக வெளியே விடுவதுதான் மீனுக்கு நாள் முழுக்க வேலை. கெண்டைக்கும் அப்படித்தான், கெளுத்திக்கும் அப்படித்தான். விரால் மட்டும் அதைத் தன் குலப்பெருமை ஆக்கிக்கொண்டது.

ஒரு நாள், ஆற்றுக்கும் கடலுக்கும் போய்வரும் கொடுவா மீன் அந்த வழியாகக் கடலுக்குக் கிளம்பியது. விரால் அதை வழிமறித்தது.

"கடலில் நீ தண்ணீர் குடிப்பாயாமே! வெட்கமாக இல்லையா, குடிகாரா?"

"கடலின் உப்பு நம் உடம்பிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். குடித்தால்தான் பிழைக்கலாம்," என்றது கொடுவா. "கூடவே வரும் உப்பைச் செவுளால் வெளியே தள்ள வேண்டும். செவுள் அதற்குப் பழகத்தான் ஆறும் கடலும் கலக்கிற கழிமுகத்தில் சில நாள் தங்கிப் போகிறேன்."

"ஊருக்கு ஒரு வேஷம் போடுகிறவன் நீ! நான் எங்கே போனாலும் விரால்தான்!"

பக்கத்தில் ஒரு சேல்கெண்டை இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கடைசிக் குஞ்சைத்தான் அன்று காலை விரால் தின்றிருந்தது. கெண்டைக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் குழைந்துகொண்டே முன்னால் வந்தது.

"ராசா, ஒரு சொட்டும் குடிக்காமல் நீங்கள் கடலைச் சுற்றி வந்தால் இந்த ஆறு முழுவதும் உங்கள் காலடியில் கிடக்காதா?"

தனக்குக் காலே இல்லை என்பதுகூட விராலுக்கு நினைவு வரவில்லை. அவ்வளவு மனம் குளிர்ந்துபோயிற்று. உடனே புறப்பட்டது. மடுவிலிருந்த கெண்டைகளெல்லாம் வாழ்த்திக்கொண்டே பின்னால் நீந்தின.

கழிமுகம் வந்ததும் கெண்டைகள் நின்றுவிட்டன.

"ஏன் நின்றுவிட்டீர்கள்?"

"நாங்கள் சாதாரண மீன்கள், ராசா. உங்களைப் போல எங்களால் முடியுமா? இங்கிருந்தே பார்க்கிறோம்!"

அங்கே சில நாளாகத் தங்கியிருந்த கொடுவா பதறிப்போனது.

"போகாதே! உன் செவுளுக்கு இந்த வேலை எத்தனை நாளானாலும் வராது. திரும்பிப் போ!"

"போடா, குடிகாரா!" என்று சொல்லிவிட்டு விரால் கடலுக்குள் பாய்ந்தது.

கொஞ்ச தூரம் ஜோராகத்தான் போனது. பிறகு வாய் வறண்டது, உடம்பு சுருங்கியது. சுற்றிலும் தண்ணீர், உள்ளே மட்டும் பாலைவனம். விரால் இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கண்ணுக்கு எட்டியவரை யாரும் இல்லை. மெல்ல ஒரு வாய் குடித்தது.

தாகம் இரட்டிப்பாயிற்று. இன்னொரு வாய் குடித்தது. இன்னும் ஒரு வாய். உள்ளே போன உப்பு வெளியே வரவில்லை. பிறந்தது முதல், ஆற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச உப்பையும் உள்ளே இழுத்தே பழகிய செவுள் அது. வெளியே தள்ள அதற்கு எப்படித் தெரியும்?

'செத்துவிடுவேன் போலிருக்கிறதே, திரும்பிவிடலாம்' என்று விரால் நினைத்தது. வாலைத் திருப்பவும் செய்தது.

அப்போது கழிமுகத்திலிருந்து சத்தம் வந்தது.

"ஒரு சொட்டும் குடிக்காத ராசா வாழ்க! வாழ்க!"

உப்பி நிற்கும் வயிற்றோடு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? விரால் மறுபடியும் கடலைப் பார்த்துத் திரும்பி நீந்தியது.

சிறிது நேரத்தில் அது வயிறு மேலாக மிதந்தது. ஓர் அலை அதைக் கொண்டுபோய் மணலில் போட்டது.

கொடுவா கெண்டைகளிடம் வந்தது.

"பாவம், அது குடித்தது. பின்னாலேயே போய்ப் பாறை மறைவிலிருந்து நான் பார்த்தேன்."

"தெரியும், கடலில் குடிக்காமல் பிழைக்க முடியாது என்று நீதானே சொன்னாய்," என்றது சேல்கெண்டை. "அதனால்தான் இன்னும் பலமாக வாழ்க சொன்னோம்."

நீதி: நம்மால் அடிபட்டவர்கள் நம்மைப் புகழத் தொடங்கினால், அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.