தெய்வானைக்குத் தெரியாத பாஸ்வேர்டு

இப்படிக் கிட்டத்தில் வந்து உட்காருங்கள். கையில் இருக்கிற போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். கதையே அதைப் பற்றியதுதான்.

சங்ககிரியில் சென்னியம்மாள் என்று ஒரு லாரி முதலாளி. புதிதாகப் பன்னிரண்டு சக்கர வண்டி ஒன்று இறக்கினார். அதை ஓட்ட மூன்று டிரைவர்கள் போட்டி போட்டார்கள்: அங்கணன், குப்புராசு, தெய்வானை. பதினோரு வருடமாகப் பழைய வண்டியைக் கீறல் விழாமல் ஓட்டியவள் தெய்வானை. பொம்பளைக்கு எதற்குப் பெரிய வண்டி என்று சிரித்தவர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்டியே தீர வேண்டும் அவளுக்கு.

அந்த வாரம் பார்த்து எவனோ ஒருவன், வேறொரு டிரைவரின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, போனில் லோடு பிடிக்கிற ஆப்புக்குள் புகுந்து, சென்னியம்மாளின் லோடுகளையெல்லாம் ரத்து செய்துவிட்டான்.

"ஸ்டியரிங் புடிக்க எல்லாத்துக்கும் தெரியும். பாஸ்வேர்டைக் காப்பாத்தத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வண்டி. வெள்ளிக்கிழமை வாங்க" என்று மூவரிடமும் சொன்னார் சென்னியம்மாள்.

தெய்வானை தன் போனின் செட்டிங்ஸில் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கிற இடத்தைத் திறந்தாள். எளிதில் உடையக்கூடியவை, ஏற்கெனவே கசிந்தவை என்று ஏழு சிவப்பாக எரிந்தன. ஏழையும் மாற்றினாள். போனே புதிதாக உண்டாக்கிக் கொடுத்தது, போனே பத்திரப்படுத்தியது. அவள் மனதில் வைத்தது இரண்டுதான்: போனைத் திறக்கும் எண், ஈமெயிலின் பாஸ்வேர்டு.

வெள்ளிக்கிழமை ஷெட் நிறைய ஆட்கள். "உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்கப்பா" என்றார் சென்னியம்மாள்.

"என்ற மக பேரும் வண்டி நம்பரும்ங்க. சாகற வரைக்கும் மறக்காது" என்றான் அங்கணன்.

"ரெண்டையும் வண்டி நெத்தியில எழுதிக்கிட்டு நாலு ஸ்டேட் சுத்தறயேப்பா!" என்று ஒரு லோடுமேன் சொல்ல, ஷெட்டே சிரித்தது.

குப்புராசு தன் பாஸ்வேர்டின் இருபது எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தான். "எவனும் ஊகிக்க முடியாதுங்க. பேங்குக்கும் இதான், ரயில் டிக்கெட்டுக்கும் இதான்."

"அம்மிணி, உன்றது?"

"எனக்குத் தெரியாதுங்கக்கா. போனுக்குத்தான் தெரியும்."

"போன் தண்ணியில விழுந்தா லாரியைத் தள்ளிக்கிட்டா வருவ?" என்றான் குப்புராசு.

"வேற போன்ல என்ற ஈமெயிலைத் தொறந்தா எல்லாம் வந்துரும்."

"அந்த ஈமெயில் பாஸ்வேர்டாவது தெரியுமா?" என்று கேட்டார் சென்னியம்மாள்.

"தெரியுங்கக்கா. ஆனா சொல்ல மாட்டேன்."

எல்லோரும் சென்னியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கேட்டதும் சொன்ன இருவரா, முதலாளியிடமே மறுத்தவளா, யார் செய்தது சரி? வண்டி யாருக்கு?

விடை: தெய்வானைக்குத்தான். அங்கணனுடையது ஊருக்கே தெரியும். குப்புராசுடையது ஓரிடத்தில் கசிந்தால் எல்லாமே திறந்துகொள்ளும். அதெல்லாம் கிடக்கட்டும், அத்தனை பேர் காதில் விழ உரக்கச் சொன்னார்களே, அங்கேயே இருவரும் தோற்றார்கள். சொல்கிறார்களா என்று பார்க்கத்தான் சென்னியம்மாள் கேட்டதே. சிரித்தபடி வண்டிச் சாவியை நீட்டினார். தெய்வானை உடனே வாங்கவில்லை. "மொதல்ல உங்க போனைப் பாத்துரலாங்கக்கா" என்றாள். அதில் பதினாறு சிவப்பு! உட்கார்ந்து பதினாறையும் மாற்ற வைத்தாள். கடைசியில் போனைப் பூட்டப் புது எண்ணைச் சென்னியம்மாள் அழுத்தத் தொடங்கியதும், தெய்வானை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.