லேக் வியூ நகரில் ஒரு வளை

கருவேலன் என்ற முள்ளம்பன்றிக்கு ஒரே ஒரு கவலைதான். தன் மகள் நெருஞ்சிக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவன் நினைத்தான்.

கிழங்கு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க நெருஞ்சிக்குத் தெரியும். சிறுத்தை வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாயத் தெரியும். ஆனால் அதெல்லாம் ஒரு படிப்பா? குன்றில் பிறந்த எல்லா முள்ளம்பன்றிக்கும் தெரிந்ததுதானே!

ஒரு நாள் பொதியன் என்ற பெருச்சாளி அந்தக் குன்றுப் பக்கம் வந்தான். முன்பு அங்கே பக்கத்து வளையில் குடியிருந்தவன். இப்போது நடையே மாறியிருந்தது.

"இன்னும் இங்கேயேவா இருக்கீங்க?" என்று பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "நாங்க லேக் வியூ நகருக்குப் போயிட்டோம். குழந்தைங்க படிப்புக்காகத்தான். என் பையன் இப்ப ஒத்தைக் காலில் நிக்கிறான், தெரியுமா?"

"ஒத்தைக் காலிலா!" கருவேலன் வாயைப் பிளந்தான்.

"கண்ணை மூடிக்கிட்டு!" என்றான் பொதியன்.

அன்று முழுக்கக் கருவேலனுக்குக் கிழங்கு இறங்கவில்லை. ஒரு பெருச்சாளியின் பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறது. தன் பெண்ணோ நாலு காலிலும் நின்றுகொண்டிருக்கிறாள்! மறுநாள் காலையிலேயே மனைவி தாழம்பூவையும் மகளையும் கூட்டிக்கொண்டு லேக் வியூ நகருக்குக் கிளம்பிவிட்டான்.

குன்றுக்குக் கீழே ஒரு பெரிய வெட்டவெளி கிடந்தது. தரை வெடித்து, பாளம் பாளமாக இருந்தது. கருவேலன் இந்தப் பக்கம் குடிவந்ததிலிருந்து மழை சரியாகப் பெய்யவில்லை. அங்கே புல் முளைத்துக்கூட அவன் பார்த்ததில்லை. அதன் நடுவில் தவசி என்ற கொக்கு நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்ற உடுப்பு. எலும்பும் தோலுமான உடம்பு. ஆள் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தவுடனே தெரியும். கருவேலன் அதைத் துறவு என்று எடுத்துக்கொண்டான்.

"வாங்க சார், வாங்க மேடம்! இது சாதாரண இடம் இல்லை. திட்டமிட்ட நகர்!" என்றார் தவசி. "சுத்தி உயரமான மதில் பாருங்க. இவ்வளவு பெரிய காம்பவுண்டு வேற எங்கேயாவது உண்டா? அதோ, மலையிலிருந்து வருதே, அகலமான பள்ளம், அதுதான் மெயின் ரோடு."

"ரோட்டில் யாரையும் காணோமே?" என்றாள் தாழம்பூ.

"மழைக்காலத்தில் பாருங்க மேடம். போக்குவரத்து தாங்காது!"

கருவேலன் மனைவியைப் பெருமையோடு பார்த்தான். தாழம்பூ ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டவெளியில் அங்கங்கே சில கருவேல மரங்கள் நின்றன. ஒவ்வொன்றின் அடிமரத்திலும், முள்ளம்பன்றி நிமிர்ந்து நின்றாலும் எட்டாத உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு இருந்தது. அதற்குக் கீழே பட்டை வெளுத்திருந்தது.

"இது என்ன கோடு?"

"நல்ல கேள்வி!" என்றார் தவசி. "எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் கோடு. கொஞ்சம்கூட ஏற்ற இறக்கம் கிடையாது. திட்டமிடல்னா இதுதான் மேடம்!"

"லேக் வியூன்னு பேர் வெச்சிருக்கீங்க. லேக் எங்கே?"

"அது இரண்டாம் கட்டத்தில் வரும்," என்றார் தவசி. அந்தக் கொக்கு வாழ்நாளில் சொன்ன மிகச் சுத்தமான உண்மை அதுதான். அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு பள்ளிக்கூடத்தைக் காட்டினார். நகரிலேயே தாழ்வான, குளுமையான இடத்தில் அது நடந்துகொண்டிருந்தது. பெருச்சாளி, கீரி, முயல், வெள்ளெலிக் குட்டிகள் வரிசையாக ஒற்றைக் காலில் கண்ணை மூடி நின்றன. ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. எதிரே தலைமை ஆசிரியை, தவசியின் அக்கா, நாரை மேடம் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கத்துக்கொடுக்கிறீங்க?" என்று தாழம்பூ கேட்டாள்.

"ஒழுக்கம்," என்றார் நாரை மேடம் கண்ணைத் திறக்காமல். "நான் சொல்லும்வரை அசையக் கூடாது. நான் சொல்லும்வரை பார்க்கக் கூடாது. வேற என்ன வேணும் ஒரு குழந்தைக்கு?"

கருவேலனின் கண் கலங்கிவிட்டது. வேறு என்ன வேண்டும்!

அட்மிஷன் எளிதில் கிடைக்கவில்லை. நாரை மேடம் நெருஞ்சியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "முதுகில் இது என்ன அலங்கோலம்?"

"முள்ளுங்க மேடம். பிறவியிலேயே இருக்கு," என்று கருவேலன் கையைப் பிசைந்தான். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

"தூக்கிக்கிட்டு நின்னா வரிசை கெடும். தினமும் களிமண் குழைச்சுப் பூசி, படிய வாரி அனுப்பணும். ஒரு நாள் சிலிர்த்தாலும் பேரை எடுத்துடுவேன்."

"பூசிடறேன் மேடம்! நானே பூசிடறேன்!"

வீட்டுக்கு வந்ததும் தாழம்பூ சொன்னாள். "என்னங்க, எனக்கு இது சரியாப் படலை. அந்தக் கொக்கும் நாரையும் எங்கே குடியிருக்காங்கன்னு பார்த்தீங்களா? மதில்மேல இருக்கிற புளிய மரத்தில். அவ்வளவு நல்ல இடம்னா ஏன் கீழே வரலை?"

"அவங்க நமக்காக விட்டுக்கொடுத்திருக்காங்க," என்றான் கருவேலன். "உனக்கு எல்லாத்திலும் சந்தேகம்!"

குன்றில் இருந்த வளையை ஓர் உடும்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். "வெச்சுக்கப்பா. எங்களுக்கு இனி இது எதுக்கு?" என்று சொன்னபோது அவனுக்கு ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது.

லேக் வியூ நகரில் வளையை அவரவர்தான் தோண்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் தவசி வைத்திருந்தது ஒரே ஒரு நிபந்தனை. "ஆழமாத் தோண்டுங்க சார். ஆழம்தான் மதிப்பு. தோண்டும்போது நண்டு, நத்தை, தவளை ஏதாவது வந்தா, அது பராமரிப்புக் கட்டணம். நிர்வாகத்துக்குக் கொடுத்துடணும்."

தோண்டத் தோண்ட வந்துகொண்டேதான் இருந்தது. காய்ந்த சேற்றுக்குள் நண்டுகள் உறங்கின. தவளைகள் உறங்கின. நத்தைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. எந்தக் கொக்கின் அலகும் எட்டாத ஆழத்திலிருந்து கருவேலன் அவற்றை எடுத்து மேலே போட்டான். தவசி அவற்றை வாங்கி, உடனுக்குடன் பத்திரமான இடத்தில் சேர்த்தார். அந்தக் கோடை முடிவதற்குள் அவருக்குத் தொந்தி விழுந்துவிட்டது.

காலையில் எழுந்ததும் கருவேலனுக்கு முதல் வேலை களிமண் குழைப்பது. மகளை முன்னால் உட்கார வைத்து, முதுகில் அப்பி, முள்ளெல்லாம் உடம்போடு ஒட்டும்படி வழித்துவிடுவான்.

"அப்பா, அரிக்குது."

"படிப்புன்னா அப்படித்தான்மா."

"அப்பா, நான் குன்றில் பார்த்த மாதிரி கிழங்கு..."

"உஷ்! கண்ணை மூடு. ஒரு காலைத் தூக்கு. எங்கே, பார்க்கலாம்!"

நெருஞ்சி தூக்குவாள். கருவேலன் பொதியனைக் கூப்பிட்டுக் காட்டுவான். பொதியன் தன் பையனைக் கூப்பிட்டுக் காட்டுவான். இரண்டு தகப்பன்மாரும் பிள்ளைகளின் காலைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். தாழம்பூ மட்டும் மலைப் பக்கம் திரண்ட மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளி ஆண்டு விழா வந்தது. மலையில் முதல்நாளே மழை பிடித்திருந்தது. நகருக்கு மேலே வானம் மூட்டமாக இருந்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. பெற்றோர் எல்லாரும் மேட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழந்தைகள் கீழே பள்ளத்தில் ஒற்றைக் காலில் நின்றார்கள். தலைமை விருந்தினர் தவசி. வேறு யார்?

"பெற்றோர் யாரும் பேசக் கூடாது. குழந்தைகளின் கவனம் சிதறும்," என்று அறிவித்துவிட்டு நாரை மேடமும் பள்ளத்தில் இறங்கி நின்றார்.

மெயின் ரோட்டில் ஏதோ இரைச்சல் கேட்டது. போக்குவரத்து வந்துவிட்டது. செக்கச் செவேலென்று, நுரைத்துக்கொண்டு, மலைத் தண்ணீர் திரும்பி நகருக்குள் நுழைந்தது.

முதலில் தெருக்களில் ஓடியது. ஆழமாகத் தோண்டிய வளைகள் ஒவ்வொன்றாகக் மடக்மடக்கென்று குடித்தன. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. குழந்தைகளின் காலை நனைத்தது. ஒரு குழந்தையும் அசையவில்லை.

"பார்த்தீங்களா ஒழுக்கத்தை!" என்று பொதியன் காதோடு சொன்னான்.

தண்ணீர் நாரை மேடத்தின் கணுக்காலுக்கு வந்தது. வெள்ளெலிக் குட்டிகளுக்கு வயிற்றுக்கு வந்தது.

"எழுந்திருங்க!" என்றாள் தாழம்பூ.

"உஷ்!" என்றான் கருவேலன். "பேசக் கூடாதுன்னாங்களே. நெருஞ்சி பேரை எடுத்துட்டா?"

தாழம்பூ அவனை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த கணம் தண்ணீரில் பாய்ந்துவிட்டாள். எல்லார் முகமும் தன் பக்கம் திரும்பியதில் கருவேலனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பக்கத்தில் இருந்த கருவேல மரத்தைப் பார்த்தான். மரத்தில் அந்தப் பழுப்புக் கோடு இருந்தது. தண்ணீர் மெதுவாக அதை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கோடு அவன் தலைக்கு மேலே இருந்தது.

"ஐயோ, என் பொண்ணு!" என்று அலறிக்கொண்டு கருவேலன் குதித்தான்.

இப்போது நாரை மேடத்துக்கு முழங்கால்வரை. நெருஞ்சிக்குக் கழுத்துவரை. அவள் கண்ணை இறுக மூடி, ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"நெருஞ்சி! கண்ணைத் திற!"

"மேடம் இன்னும் சொல்லலையேப்பா."

"நான் சொல்றேன்!"

"நீங்க டீச்சர் இல்லையே!"

கருவேலன் அவளை மூக்கால் முட்டித் தள்ளினான். களிமண் சுமையோடு அவள் கல்லைப் போல அடியில் போனாள். மூழ்கிப் பிடித்தான். காலையில் தானே ஆசையாக அப்பிய மண்ணை இப்போது பல்லால் சுரண்டி எடுத்தான். அந்தப் பக்கம் தாழம்பூ எடுத்தாள். "சிலிர்த்துக்கோ கண்ணு! முள்ளைத் தூக்கு! உள்ளே காத்து இருக்கு, அது உன்னை மிதக்க வைக்கும்!" என்று கத்தினாள்.

"சிலிர்த்தா பேரை எடுத்துடுவாங்கம்மா!"

"எடுக்கட்டும்!" என்று கருவேலன் கதறினான். "எடுக்கட்டும்டி, என் தங்கமே! சிலிர்த்துக்கோ!"

நெருஞ்சி முயன்றாள். வரவில்லை. மறுபடி முயன்றாள். பல மாதமாகப் படிந்து கிடந்த முட்கள் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு எழுந்தன. சடசடவென்று உதறினாள். மிதந்தாள்!

அதைப் பார்த்து மற்றப் பெற்றோரும் குதித்தார்கள். தாழம்பூவின் வாலைப் பிடித்து வெள்ளெலிக் குட்டிகள் தொங்கின. கருவேலன் பொதியனின் பையனைத் தலையால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போனான். எப்படியோ எல்லாரும் மதில்மேல் ஏறிவிட்டார்கள். மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் அது மதில் இல்லை, ஏரிக்கரை என்று தெரிந்தது.

கீழே தவசி தண்ணீரில் நின்று ஒரு கெண்டையைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்!" என்று கருவேலன் கத்தினான்.

தவசி மீனை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார். "நான் என்ன பொய் சொன்னேன் சார்? சுத்தி மதில்னேன், இருக்கு. ரோட்டில் போக்குவரத்து வரும்னேன், வந்தது. லேக் இரண்டாம் கட்டம்னேன். இதோ, சொன்ன காலத்தில் முடிச்சுக் கொடுத்திருக்கேன். எந்த நிர்வாகம் செய்யும்?"

நனைந்து விறைத்திருந்த பொதியன் கரையோரம் போய், பணிவாகக் குனிந்து கேட்டான். "சார், நாளைக்கு ஸ்கூல் உண்டுங்களா?"

முள்ளம்பன்றிகள் மூவரும் குன்றுக்குத் திரும்பினார்கள். பழைய வளையின் வாசலில் உடும்பு தலையை நீட்டியது. "நீங்கதானே கொடுத்தீங்க?" என்றது. கேட்டது நியாயம்தான். கருவேலன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான்.

தாழம்பூ திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் பாறையின் மறுபக்கம் போய், ஈர மண்ணில் புதிதாக ஒரு வளை தோண்டத் தொடங்கினாள். கருவேலன் நெருஞ்சியைப் பாறை மறைவில் உட்கார வைத்து, முட்களுக்கு இடையில் இன்னும் இறுகிக் கிடந்த களிமண்ணை எடுக்கத் தொடங்கினான். மண்ணோடு சேர்ந்து சில முட்களும் வேரோடு அவன் வாயில் வந்தன. அந்த இடத்தில் தோல் ரோஜா நிறத்தில் புண்ணாகிக் கிடந்தது.

"வலிக்குதாம்மா?"

"கொஞ்சம்," என்றாள் நெருஞ்சி. "அசையலாமாப்பா?"

கருவேலன் வாயிலிருந்த மண்ணைத் துப்பினான். "அசைஞ்சுக்கோ," என்றான். "எவ்வளவு வேணும்னாலும் அசைஞ்சுக்கோ."

விற்கிறவன் காட்டுவதை மட்டும் பார்த்து வீடு வாங்குகிறவன், அவன் காட்டாமல் விட்டதில்தான் பிள்ளை குட்டியோடு குடியிருக்க நேரும்.