மாஸ்டர் கையால் கேட்டது

"எல்லாச் சைகையும் சொல்லிக் குடுக்கறீங்க. இதை மட்டும் ஏனுங்க டீச்சர் ஒளிச்சு வெக்கறீங்க?"

கேட்டவர் நாச்சிமுத்து. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணத் தரகர்கள் இவர் ஜாதகத்தைப் பார்த்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

டீச்சர் ஜெனிட்டா அவரைவிட ரொம்பச் சின்னவள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அதனால் வாய் பேசப் பழகுமுன்பே அவள் கை பேசப் பழகிவிட்டது. ஞாயிறு மாலைகளில் தன் வீட்டு மாடி அறையில் சைகை மொழி கற்றுத் தருகிறாள்.

"எதை மாஸ்டர்?"

நாச்சிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"என்னைக் கட்டிக்கறீங்களான்னு கேக்கறதுக்கு."

அவர் கம்பெனியில், செக்கிங் பிரிவில், தமயந்தி என்று ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே காது கேளாதவள். அவளுக்காகத்தான் மாஸ்டர் படிக்க வருகிறார் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான்.

"அவங்க அண்ணனைக் கேக்கலாமே?"

"கேட்டேனுங்க. 'நாங்க யாரைக் காட்டினாலும் தலையாட்டிருவா'ங்கறாரு. எனக்கு அந்தத் தலையாட்டல் வேண்டாமுங்க. அவங்களா சொல்லோணும்." மாஸ்டர் விரலை மடக்கி நாட்களை எண்ணினார். "வெள்ளிக்கிழமை வேற இடத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாங்க."

"அப்ப நாளைக்கே கேளுங்க."

"சைகை தெரிஞ்சாத்தானுங்க கேக்க முடியும்! இல்லாட்டி நீங்களே கூட வந்து கேட்டுச் சொல்லிருங்க."

"கல்யாணம் ஆன பிறகு? சண்டை போடவும் நானே வரணுமா?"

மாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

"சரி, இதுவரை படிச்சதைப் பேசிக் காட்டுங்க."

மாஸ்டர் கையை உயர்த்தினார். 'சாப்பிட்டீங்களா?' உடனே டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் லேசாக நெரிந்தது. அவசரமாகக் கையை மாற்றினார். புருவம் இளகியது. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டீச்சர் எழுந்து போய் விளக்கை அணைத்தாள். வெளியே ஏற்கெனவே இருட்டியிருந்தது.

"டீச்சர்! உங்க கை தெரியலைங்க!"

"உங்க கை எங்கே இருக்கு?"

"என்கிட்டத்தானுங்க இருக்குது."

"அப்ப வீட்டுக்குப் போங்க. வகுப்பு முடிஞ்சுது."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் டீச்சரை மனசுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரம். தமயந்தி பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் எதிரே போய் நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒருவழியாகக் கையை உயர்த்தினார். 'சாப்பிட்டீங்களா?'

தமயந்தி உற்றுப் பார்த்தாள். பிறகு தன் மூக்குத் தண்டை விரலால் தொட்டுக் காட்டினாள். 'இது எதுக்கு?' என்று புருவத்தை உயர்த்தினாள்.

மாஸ்டருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் விரல் தானாகவே மூக்குக்குப் போனது.

அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் கண்ணாடி போட்டிருப்பவள். அது வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் விரலால் மேலே தள்ளிவிடுவாள். நம் மாஸ்டர் அதையும் மொழி என்று நினைத்துச் சிரத்தையாகப் படித்திருக்கிறார்!

அசடு வழிய, வழுக்குகிற கண்ணாடியை நடித்துக் காட்டினார். தமயந்திக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சே ஆடுகிற மாதிரி குலுங்கிச் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்த பிறகு பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிக் கேட்டார். ரசம்? காட்டினாள். மின்விசிறி? காட்டினாள். சூப்பர்வைசர்? ஒரு பெரிய தொந்தியைத் தடவிக் காட்டினாள்.

'அப்ப நான்?'

அவள் இரண்டு விரல்களால் துணியைக் கத்தரித்தாள். பிறகு இல்லாத பென்சில் ஒன்றைக் காதோரம் செருகிக்கொண்டாள்.

மாஸ்டர் தன் காதைத் தடவினார். பென்சில் இருந்தது.

அவருக்கு அவள் எப்போதோ பெயர் வைத்துவிட்டிருக்கிறாள். மாஸ்டர் அந்தப் பெயரைத் தன் கையால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஞாயிறு வரை அவரால் பொறுக்க முடியவில்லை. அன்று மாலையே மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றார்.

"கேட்டுட்டேனுங்க டீச்சர்!"

"எந்தச் சைகையில?"

"நானே ஒண்ணு கட்டினேனுங்க."

காட்டினார். கத்தரிக்கும் விரல்கள், காதோரப் பென்சில்: அது அவர். எதிரே நீட்டிய கை: அது அவள். ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து, இருவரும் மாறி மாறிச் சாப்பிட்டார்கள். முடி நரைத்தது. முதுகு கூனியது. பல்லெல்லாம் போன பிறகும் அதே டிபன் பாக்ஸில் மென்றுகொண்டிருந்தார்கள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ மாஸ்டர், கல்யாணத்துக்குச் சைகை இது இல்ல!"

"ஆமாங்க. அவங்களும் தப்புன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"சரியான சைகை எதுன்னு காட்டினாங்க."

"காட்டி?"

மாஸ்டருக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அந்தச் சைகையாலயே என்னைக் கேட்டாங்க டீச்சர்!"