பன்னிரண்டு அறைகள்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் உமையாள் அம்மை நடத்திய மடத்தில் தொலைபேசி கிடையாது. யார் எதைக் கேட்க வேண்டுமானாலும் கடிதம்தான். நாளுக்கு முப்பது, நாற்பது வரும். மேசை நிறைந்து, பக்கத்து நாற்காலியும் நிறைந்தபோது, அம்மை அந்தப் பொறுப்பைக் கனகசபாபதியிடம் கொடுத்தார்.

கனகசபாபதி தாலுகா அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மையைவிட இருபத்து மூன்று வயது மூத்தவர். ஆனாலும் அவரையே குருவாக ஏற்று மடத்தோடு வந்து சேர்ந்திருந்தார்.

கடிதங்களை அடுக்கி வைக்க ஏதாவது வாங்க வேண்டும் என்று அவர் முதல் நாளே தீர்மானித்தார். வேலூருக்குப் போய் இரண்டு கடைகளையும் ஒரு தச்சுப்பட்டறையையும் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் அம்மையிடம் போனார்.

இரும்புக் கம்பியில் மூன்றடுக்குத் தட்டு ஒன்று இருக்கிறது, உறுதியானது, ஆனால் தபால் அட்டை கம்பி இடுக்கில் நழுவி விழுகிறது என்றார். சுவரில் மாட்டும் துணிப்பை ஒன்று இருக்கிறது, இடத்தை அடைக்காது, ஆனால் உள்ளே போன கடிதம் கண்ணுக்குத் தெரியாது என்றார். தச்சர் ஒருவர் பன்னிரண்டு அறைகள் வைத்து மரப்பெட்டி செய்து தருவதாகச் சொல்கிறார், அதில் நீள உறையும் மடங்காமல் நிற்கும் என்றார்.

“எதை வாங்கட்டும், அம்மா?”

“வாங்கி என்ன செய்வீர்கள்?”

“கடிதங்களை வகை பிரிப்பேன். வாரத்துக்கு ஒரு வகையாக எடுத்துப் பதில் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது.”

அம்மை சற்று யோசித்தார்.

“உங்களுக்குத் தெரிந்த வேலை. நீங்களே முடிவு செய்யுங்கள்.”

மரப்பெட்டி வந்தது. ஒவ்வொரு அறைக்கும் கனகசபாபதி தன் முத்து முத்தான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். அழைப்பிதழ், நன்றி, தங்கும் அனுமதி, பாடத்தில் சந்தேகம், குடும்பத் துயரம் என்று வரிசையாகப் பன்னிரண்டு. முதல் நாலு வரி படித்தால் போதும், எந்த அறை என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரே வாரத்தில் மேசையின் மரம் கண்ணுக்குத் தெரிந்தது. மடத்துக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மையும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னார்.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை, ஆரணியிலிருந்து அஞ்சுகம் என்ற பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தையற்கடை வைத்திருப்பவள். அவள் கணவர் தணிகாசலம் மாதம் தவறாமல் மடத்துக்கு வந்து செவ்வாய் வழிபாட்டில் பாடுகிறவர். அன்றைக்கு அவர் வரவில்லை.

மூன்று கடிதம் போட்டதாகவும், ஒன்றாவது வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை என்றும் அவள் சொன்னாள்.

கனகசபாபதி பெட்டியின் முன் போனார். குடும்பத் துயரம் என்ற அறை. ஆரணி முத்திரை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றையும் எடுத்து அவள் முன் வைத்தார். தன் முறையில் அவருக்கு இருந்த பெருமை அப்போதும் முகத்தில் இருந்தது.

அஞ்சுகம் கடிதங்களைத் தொட்டுப் பார்த்தாள்.

“மூணுமே இருக்குதுங்களா. எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கீங்க.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நெகிழ்ந்துதான் சொன்னாள். கனகசபாபதியின் முகம் மாறிவிட்டது.

அவர் முதல் கடிதத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தார். தணிகாசலத்துக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இனிப் பாட முடியாது, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாமா, சக்கர நாற்காலியை உள்ளே கொண்டுவர வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவதிலும் அதே கேள்வி. மூன்றாவதில், முடியாது என்றால் அதையாவது எழுதுங்கள் என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

அம்மை வந்து கடிதங்களை வாங்கிப் படித்தார்.

“பதில் போடாதது எங்கள் தப்பு. அவரை நாளைக்கே அழைத்து வாருங்கள்” என்றார்.

பிறகு வாசலுக்குப் போய், தோட்ட வேலையிலிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, வாசலின் ஏழு படிகள் மீதும் சரிவாகப் பலகை போடச் சொன்னார். சரிவு அதிகமாக இருக்கிறதா என்று தானே ஏறி இறங்கிப் பார்த்தார்.

கனகசபாபதி யாரும் சொல்லாமலே அஞ்சுகத்தோடு ஆரணி பஸ்ஸில் ஏறினார்.

வழியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். தபால்காரர் வரும் பதினோரு மணிக்குத் தணிகாசலம் தன் நாற்காலியை வாசலுக்குத் தள்ளச் சொல்லிக் கை காட்டுவாராம். போன வாரத்திலிருந்து கை காட்டுவதில்லை. நாற்காலியைத் தள்ள வந்தால் சுவர்ப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். பாட முடியாதவன் மடத்துக்கு வேண்டாம் என்று அவராக நினைத்துக்கொண்டார் என்றாள். கனகசபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தையற்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. தணிகாசலம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கனகசபாபதி சுற்றிக்கொண்டு போய், அவருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார்.

“ஐயா, உங்கள் கடிதம் மூன்றும் வந்தது. அம்மை பார்க்கவில்லை. என் கையில்தான் இருந்தது. நான்தான் பதில் எழுதவில்லை.”

தணிகாசலம் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு நன்றாக இருந்த இடது கையை நீட்டினார். கனகசபாபதி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய். பலகை வழியாக நாற்காலி ஏறியது. தணிகாசலத்தை முன்வரிசையில் வைத்தார்கள். பாட்டு தொடங்கியதும் அவர் இடது கை முழங்காலில் தாளம் போட்டது. தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அஞ்சுகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உரக்கப் பாடினாள்.

சாயங்காலம் அவர்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, கனகசபாபதி அம்மையிடம் வந்தார்.

“பெட்டியை எடுத்துவிடுகிறேன், அம்மா. தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.”

“பெட்டி நல்ல பெட்டி. கேட்டதும் கடிதம் கிடைத்ததே.”

“அப்படியானால் என்ன செய்யட்டும்? அறைகளைக் குறைக்கவா? வேறு வகையாகப் பிரிக்கவா?”

அம்மை எழுந்து பெட்டியின் முன் போய் உட்கார்ந்தார். எதிரில் அவரையும் உட்காரச் சொன்னார். ஏதோ ஓர் அறையிலிருந்து ஒரு கடிதத்தை உருவி அவரிடம் கொடுத்தார்.

“இது யார்?”

கனகசபாபதி உறையைத் திருப்பினார்.

“பாடத்தில் சந்தேகம், அம்மா. போன மாதம் வந்தது.”

“யார் என்று கேட்டேன்.”

அவர் உறைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, கடைசி வரிவரை படித்தார்.

“திருவோத்தூர் பூவராகன். கண் மங்கிவிட்டதாம். படிப்பதற்குப் பதிலாக யாராவது வாசிக்கக் கேட்டால் போதுமா என்கிறார்.”

“போதுமா?”

“போதும், அம்மா.”

அம்மை பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

“அதை அவருக்குச் சொல்லுங்கள். நான் அடுத்ததைப் பிரித்துப் படிக்கிறேன்.”