சோழிக்கு விழுந்த பிரம்படி

முன்னொரு காலத்தில் செம்பாறைச் சீமையைக் கேசரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு சட்டம் போடுவான், மாலையில் அதையே மாற்றுவான். அந்த ஜாடிக்கேற்ற மூடி, கல்வி அதிகாரி வித்யாகரர். ஒரு பிள்ளைக்கும் அகரம் எழுதப் பழக்கியதில்லை. எப்படிப் பழக்குவது என்று ஊருக்கெல்லாம் ஓலை மட்டும் அனுப்புவார்.

ஒருநாள் ஓலைக்கட்டோடு சபைக்கு வந்தார்.

"பிரபு, நூறு பள்ளிகளில் ஆராய்ந்தேன். மோசமாக ஒப்பித்த பிள்ளையை அடித்தால் மறுநாள் தேறுகிறது. நன்றாக ஒப்பித்ததைப் பாராட்டினால் மறுநாள் சறுக்குகிறது. பிரம்புதான் மருந்து. இதோ சான்று!"

"அடிக்காத வாத்தியார் எவனாவது உண்டா?"

"கீழத்தெரு மாசிலாமணி."

"அவன் பிரம்பாலேயே அவனுக்குப் பத்து அடி கொடுத்துச் சீமையை விட்டுத் துரத்துங்கள்!"

"அவனிடம் பிரம்பே இல்லையே, பிரபு."

"அப்படியானால் உம்முடையதால்!"

மந்திரி செங்கோடன் எழுந்தார். "சான்றுக்கு நானும் கட்டுப்பட்டவன், பிரபு. ஆனால் நானும் ஒரு சோதனை செய்து பார்க்கிறேனே."

மடியிலிருந்து பன்னிரண்டு சோழிகளை எடுத்து உருட்டினார். மூன்றுதான் வாய் மேலாக விழுந்தன.

"மூன்றுதானா, கழுதைகளே!" என்று வித்யாகரரின் பிரம்பை வாங்கிச் சோழிகளை விளாசினார். அடுத்த உருட்டில் ஏழு. பிறகு ஒன்பது. "என் தங்கங்களே!" என்று தடவிக் கொடுத்தார். உடனே ஐந்தாக இறங்கியது. உச்சிவேளை வரை அநேகமாக இதே கதைதான்.

"சோழிக்கும் படிப்பு ஏறுகிறதே!" என்று ராஜா வாய் பிளந்தான்.

"இனி அடிக்காமல் பார்ப்போம்" என்றார் மந்திரி. குறைவாக விழுந்தபோது சும்மா இருந்தார். அப்போதும் அடுத்த உருட்டில் ஏறத்தான் செய்தது.

"மிகவும் குறைந்தது தானாகவே ஏறத்தான் பார்க்கும், மிகவும் கூடியது இறங்கத்தான் பார்க்கும், பிரபு. பிள்ளைக்கும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. வித்யாகரரே, மோசமாக ஒப்பித்தும் அடிபடாத பிள்ளைகள் மறுநாள் எப்படி ஒப்பித்தார்கள்?"

"அது... அவர்களை நான் பார்க்கவில்லை."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "நீர் உருட்டும்!"

வித்யாகரர் உருட்டினார். இரண்டு. ராஜா பிரம்பை ஓங்கினான்.

"ஐயோ பிரபு! சோழி விழுந்ததற்கு நான் என்ன செய்வேன்?"

"இப்படி அழ அந்தப் பிள்ளைகளுக்கு நீர் ஓலையில் இடம் கொடுத்தீரா?"

ராஜா பிரம்பை முறித்து எறிந்தான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். மாசிலாமணியைக் கல்வி அதிகாரியாக்கி, அவர் பள்ளிக்கு வித்யாகரரை வாத்தியாராக அனுப்பினான். அங்கே முப்பது பிள்ளைகள், பிரம்பு கிடையாது.

அதற்குப் பிறகு வித்யாகரரிடமிருந்து ஊருக்கு ஓர் ஓலையும் வரவில்லை. அகரத்தையே அவரால் இன்னும் தாண்ட முடியவில்லையாம்.